இருட்டில் வைத்த குழாய்

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து ஒழுகியது. அழகுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒழுகியது. மேல்வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் கழன்று, தண்ணீர் தளத்தில் ஊறி, நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதையின் நட்டநடுவில் சொட்டியது. மை கரைந்து கதை நாசமாய்ப் போனது. போகட்டும், அதுவும் ஒன்றும் உருப்படியான கதை இல்லை.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் திறந்தால், கையில் வாளியும் துணியுமாக ஒரு பெண் நிற்கிறாள். முப்பதைத் தாண்டியிருப்பாள். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா. என் தப்புதான். நானே தொடச்சிக் குடுத்துடறேன்."

என்னை அக்கா என்று யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கொண்டுவந்த சண்டை தொண்டையிலேயே நின்றுபோயிற்று. அவள் தரையைத் துடைத்தாள். நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன்.

"என்னம்மா வேலை பாக்கறே?"

"டி.என்.ஏ.வ வெட்டறேங்க்கா."

"அடியம்மா! எதால? கத்தியாலயா?"

துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் சிரித்தாள். "இல்லக்கா. ருத்தேனியத்தால. அது ஒரு உலோகம்."

அவள் படியேறிப் போன பிறகு வீட்டில் ஈரத்துணி வாசனை மட்டும் மிச்சம் இருந்தது. அதோடு வழக்கமான அமைதி. நான் ஒரு புதுத் தாளை எடுத்தேன். கதை பிறந்த லட்சணம் இவ்வளவுதான்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்களை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

முதலாவது: "வானம் இருண்டு கிடந்தது. அவள் நெஞ்சும்" என்று ஆரம்பித்து அங்கேயே விட்டுவிட்டேன். எனக்கே குமட்டியது.

இரண்டாவது: "அன்பும் ஓர் உலோகம்தான். அது நம் உயிரின் ஏணிப்படிகளுக்கு நடுவே நுழைந்து, நம்மை உள்ளிருந்தே"

இதை அவளிடம் காட்டினேன். அறிவியலில் நான் தப்புத் தப்பாக உளறாமல் அவள் பார்த்துக்கொள்வாள், கூரை ஒழுகியதை நான் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்:

[வேணாம்க்கா. உலோகம் யார் மேலயும் அன்பு வெக்காது. அதுக்குத் தெரிஞ்சது எலெக்ட்ரான் மட்டும்தான். மனுஷங்கள அதுல கொண்டு வந்து நுழைக்காதீங்க.]

இனிமேல் சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பென்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு அடைப்புக்குள் வருவது என் முணுமுணுப்பு. (மூக்கறுந்ததுதான். ஆனாலும் எழுதியதைப் படிக்க ஓர் ஆள் கிடைத்ததே, அதைச் சொல்லுங்கள்.)

மூன்றாவது தொடக்கம் தங்கிவிட்டது: ஓர் ஆய்வகத்தின் கோடியில் ஓர் இருட்டறை. அதில் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கின் கீழே, ஸ்டூலில், ஒருத்தி.

3

அவளை ஆய்வகத்தில் இருட்டுக்காரி என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் பாசமான கேலி. மற்றவர்கள் வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டு, ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டு, கதையடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவளுடைய பொருள் மட்டும் வெளிச்சத்தைத் தாங்காது. மதியம் ஆனால் அந்தக் கறுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போனால் சாயங்காலம்தான்.

அந்தப் பொருள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நடுவில் ஒரு ருத்தேனியம் அணு. அதைச் சுற்றி மூன்று தட்டையான சிறகுகள். அதில் ஒரு சிறகு நீளமானது. டி.என்.ஏ. முறுக்கிய ஏணி அல்லவா, அந்த ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே இந்த நீளச் சிறகு போய்ச் செருகிக்கொள்ளும், அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே ஒரு காகிதத்தைச் சொருகுவதுபோல. செருகிக்கொண்ட பிறகு வெட்டும்.

[உடனே வெட்டாது. சும்மா உக்காந்திருக்கும். நீல வெளிச்சம் பட்டாத்தான் வெட்டும். அதுகூட அது நேரா வெட்டல. வெளிச்சத்தோட சக்திய வாங்கிப் பக்கத்துல இருக்கற ஆக்சிஜனுக்குக் குடுக்கும். ஆக்சிஜன் முறுக்கேறி, ஏணியோட பக்கவாட்டுக் கம்பிய அறுக்கும்.]

சரி தாயே. வெளிச்சம் பட்டால்தான் வெட்டும். இந்த ஒரு வரிதான் கதையின் உயிர், மறந்துவிடாதீர்கள்.

வெட்டியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கு வளையமாக இருக்கும் டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்வார்கள். முழுசாக இருக்கும்வரை அந்த வளையம் இறுக்கமாக முறுக்கிக்கொண்டு சின்னதாகச் சுருண்டிருக்கும். ஓர் இடத்தில் ஒரே ஓர் இழை அறுந்தால் போதும், முறுக்கு அத்தனையும் கழன்று தொளதொளவென்று விரிந்துவிடும். இரண்டையும் ஜெல் என்கிற வழவழப்பான பலகையில் மின்சாரம் வைத்து ஓடவிட்டால், சுருண்டது விறுவிறுவென்று கீழே ஓடிவிடும், விரிந்தது மேலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கீழே பட்டை தெரிந்தால் முழுசு. மேலே தெரிந்தால் வெட்டு.

அதனால் அவள் எப்போதும் இரண்டு வரிசைக் குழாய்கள் வைப்பாள். ஒரு வரிசை நீல விளக்கின் கீழ். அது வெட்டுப்பட வேண்டும். இன்னொரு வரிசை இருட்டறையில். அது வெட்டுப்படக் கூடாது.

"வெட்டுப்பட வேண்டியது வெட்டுப்பட்டாச்சே, இருட்டுல இருக்கறத யாரு கேட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "இருட்டுல இருக்கறதுதான்க்கா முக்கியம். வியாதி இருக்கற இடத்துல மட்டும் வெளிச்சம் அடிச்சா, அங்க மட்டும் வெட்டணும். மத்த எடத்துல எல்லாம் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கணும். இருட்டுலயும் வெட்டுச்சுன்னா அது மருந்து இல்ல. அது இன்னொரு விஷம். அதான் ஏற்கெனவே எவ்வளவோ இருக்கே."

கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்கு உறுத்தியது. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

4

இருட்டுக் குழாய்கள் வெட்டுப்பட்டன.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. வாரக்கணக்கில். ஜெல்லைப் படம் பிடித்தால், கீழே இருக்க வேண்டிய பட்டை மங்கிக்கொண்டே போய் மேலே ஒரு பட்டை முளைத்து நின்றது. அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். தண்ணீரில் இரும்பு கலந்திருக்குமோ என்று தண்ணீரை மாற்றினாள். இரும்பும் ஓர் உலோகம்தானே, அதுவும் வெட்டும். உப்புக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள். டி.என்.ஏ.வைப் புதிதாக வாங்க வைத்தாள். சிவப்பு விளக்கைக்கூடக் கழற்றி, வேறொன்று மாட்டினாள். உம்ஹூம், எதற்கும் அசையவில்லை.

பேராசிரியர் பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவளுடன் வேலை பார்க்கும் ஒல்லியிடம் அதே கலவையைக் கொடுத்து, "நீ ஒரு தடவ பண்ணிப் பாரு" என்றார். ஒல்லி போனான், இருட்டில் உட்கார்ந்தான், வந்தான். ஜெல்லில் கீழ்ப்பட்டை பளிச்சென்று, சொல்லி வைத்தாற்போல் நின்றது. மேலே சுத்தமாக ஒன்றுமில்லை.

"அவன் பண்ணா வருது. ஒனக்கு மட்டும் ஏன் வரல?" என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பாவமாகச் சொன்னார்.

ஒல்லி நல்ல பையன். நடைவழியில் அவளைத் தேற்றப் பார்த்தான். "கை ராசின்னு ஒண்ணு இருக்குங்க. நான் பி.எச். பாக்கற மெஷினத் தொட்டாலே ரிப்பேர் ஆகும். அதுமாதிரி."

"ஆமா," என்றாள் அவள். "என் கைதான்."

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் வெகுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ போட்டேன். வீட்டில் ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது. இன்னொன்றை அலமாரியின் மேல்தட்டில் தேடி எடுத்து, தூசி போகக் கழுவ வேண்டியிருந்தது.

5

கண்டுபிடித்ததும் அவளேதான். இங்கே எனக்கு ஒரு சபலம் வந்தது. ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் யாராவது வந்து, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்ல, அவளுக்குப் பொறி தட்டியதாக எழுதலாமா என்று. கதைகளில் அப்படித்தான் நடக்கும். பென்சில் சும்மா விடுமா?

[யாரும் சொல்லல. நானேதான் கண்டுபிடிச்சேன். எனக்கு அந்த ஒரு பெருமையாவது இருக்கட்டும்.]

இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும்.

தன் கைதான் குற்றவாளியா என்று பார்த்துவிட அவள் ஒரு காரியம் செய்தாள். எட்டுக் குழாய்கள். எட்டிலும் ஒரே கலவை, ஒரே அளவு. எட்டையும் இருட்டறையில் ஒரே வரிசையாக வைத்தாள். கையில் கோளாறு என்றால் கன்னாபின்னாவென்று வர வேண்டும். கலவையில் கோளாறு என்றால் எட்டும் ஒரே மாதிரி வர வேண்டும்.

இரண்டும் இல்லை. நடுவில் இருந்த நாலாவது, ஐந்தாவது குழாய்கள்தாம் அதிகம் வெட்டுப்பட்டிருந்தன. அங்கிருந்து இரண்டு பக்கமும் போகப் போக வெட்டு குறைந்துகொண்டே போயிற்று. ஓரத்துக் குழாய்கள் ஏறக்குறைய முழுசு.

படத்தைப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்த்தாள். தண்ணீர் இப்படிச் செய்யாது. கையும் இப்படிச் செய்யாது. நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் விழுகிற ஒன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். உள்ளே எங்கேயோ ஒரு விளக்கு எரிகிறது.

மறுநாள் அதே மாதிரி புதிதாக எட்டுக் குழாய்களை இருட்டறையில் வைத்து, கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கையும் அணைத்தாள். கண் பழகும்வரை காத்திருந்து, கதவிடுக்கு, சாவித் துவாரம், காற்றுக்குழாய் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஊசி முனை வெளிச்சம்கூட இல்லை. கும்மிருட்டாகக் கிடந்தது. தோற்றுப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி மூன்று ஆகியிருந்தது. கை தானாகப் போய், தினமும் செய்வதைச் செய்தது. போனை எடுத்து, குழாய் வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு பெட்டியின் மேல் சாய்த்து, திரை தன்னைப் பார்க்கும்படி நிற்க வைத்தாள்.

எதற்கோ திரும்பியபோது, பின்சுவரில் தன் தலையின் நிழல் பூதாகரமாக விழுந்திருப்பதைப் பார்த்தாள்.

அடுத்த கணம் குழாய்களைப் பார்த்தாள். எட்டும் வரிசையாக, போனுக்கு நேர் எதிரே, நீலம் பூத்த வெள்ளை வெளிச்சத்தில் நின்றன.

[வெளிச்சம் ரொம்பக் கம்மியாத்தான் வெச்சிருந்தேன். ஆனா ஒரு அடி தூரம்கூட இல்ல. திரை தானா அணையாம இருக்கறமாதிரி மாத்தி வெச்சிருந்தேன். முழுசா ஒரு மணி நேரம், தெனமும். ருத்தேனியத்துக்கு அது போதும். ஒல்லியோட போன்ல சார்ஜ் நிக்காது, எப்பவும் மேசையில வயரோடதான் கெடக்கும். அதனாலதான் அவன் தப்பிச்சான்.]

குற்றவாளியை வெளியே தேடிய அத்தனை வாரமும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறாள். இருட்டறையில் தனியாக அவள் வாய்விட்டுச் சிரித்தாளாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம். போனை வெளியே வைத்தால் குழாய் பிழைத்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை அவள் என்ன செய்வாள்?

6

அந்தப் போனில் அவள் தினமும் எதைப் பார்த்தாள்? அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேலைக்கு உலை வைக்கிற அளவுக்கு ஒருத்தி ஒரு திரையைப் பார்க்கிறாள் என்றால், எதிர்ப்பக்கம் ஓர் ஆண் இல்லாமலா? எழுதினேன்:

"அவன் கடல் கடந்து போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவனுடைய கடைசிப் புன்னகை அவள்"

[காதலன்லாம் இல்லக்கா. தம்பி.]

ஒற்றை வரி. பென்சில் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காதலன் என்றால் பிரிவு, ஏக்கம் என்று வண்டி தானாக ஓடும். தம்பி என்றால் நானே தள்ள வேண்டும். இந்த ஆள் கதைக்குத் தேவைதானா என்றுகூட யோசித்தேன். அடித்துவிட்டு, அவள் வெறுமனே ஏதோ விளையாட்டு விளையாடினாள் என்று எழுதிவிட்டால் என்ன?

அன்று மாலை அவள் வந்தபோது கேட்டேவிட்டேன். "தம்பிகிட்ட தெனமும் அப்படி என்னம்மா பேசறே?"

"பேசறதில்லக்கா."

"பின்ன?"

"ஆன்லைன்ல இருக்கானான்னு பாப்பேன்."

6 (மறுபடியும்)

தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வேறு ஊரில். பெரிய பெரிய கட்டடங்களில், லிஃப்ட் ஓடும் அந்தச் செங்குத்தான குழிக்குள் இறங்கி, கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று செய்கிற வேலை. மதியம் மூன்று மணி வாக்கில் மேலே ஏறி வந்து, கை கழுவி, சாப்பிட்டுக்கொண்டே போனைத் திறப்பான். அப்போது அவன் பேருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று ஒரு சின்னச் சொல் வரும். அதைப் பார்த்துவிட்டால், இன்றைக்கும் குழியிலிருந்து பத்திரமாக ஏறிவிட்டான் என்று அவளுக்கு மூச்சு வரும். அந்தச் சொல் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் அவளை பிளாக் செய்யவில்லை. அதுவே பெரிய விஷயம் என்றாள்.

அவர்களுக்கு அம்மா மட்டும்தான். அம்மாவுக்குப் புற்று வந்தபோது பிளாட்டினம் மருந்து ஏற்றினார்கள். அதுவும் உலோகம்தான். டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு அதை வளைத்து, செல் பெருக முடியாமல் செய்யும். ஆனால் அதற்கு நல்ல இடம், கெட்ட இடம் தெரியாது. போகிற வழியெல்லாம் கை வைக்கும். ஒரு கட்டத்தில் டாக்டர், இன்னொரு சுற்று கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம், வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தம்பி அவளுக்குப் போன் செய்தான். "இதெல்லாம் படிச்சவ நீதானேக்கா. நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதான்."

அவள் படித்தாள். கிடைத்த கட்டுரை எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டு, "குடுக்கலாம்டா" என்றாள்.

அந்தச் சுற்றில் அம்மாவுக்குக் காது போயிற்று. பிளாட்டினம் அப்படிச் செய்யும், அது அவளுக்கும் தெரியும், இவ்வளவு முழுசாகப் போகும் என்றுதான் தெரியாது. அதற்குப் பிறகு அம்மா இருந்தது ஒரு மாதம். இவள் தினமும் போன் செய்தாள். தம்பி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இவள் சொல்வதைக் கேட்டு, ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினான். அம்மா படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

எல்லாம் முடிந்த அன்று தம்பி அவளிடம் சொன்னது இதுதான்: "ஒன் கொரலையாவது கேட்டுட்டுப் போயிருப்பாங்க." கத்தவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவள் அனுப்பியதைப் படித்தான், பதில் போடவில்லை. கொஞ்ச நாளில் அவள் அனுப்புவதையும் விட்டுவிட்டாள். அதுவரை செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியையும் விட்டுவிட்டு, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் வெட்டுகிற உலோகம் வேண்டும் என்று பேராசிரியரிடம் போய் நின்றாள்.

இந்தப் பகுதியை அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. பிளாட்டினத்தைப் பற்றி நான் எழுதியதில் ஏதாவது தப்பு இருந்திருக்கும், நிச்சயம் இருந்திருக்கும். அதைக்கூட அவள் திருத்தவில்லை.

7

பேராசிரியரிடம் அவள் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம். சிவப்பு விளக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு, புதுசு மாட்டியதும் சரியாகிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? நேராகப் போய், "போன் வெளிச்சம் சார். நான் எடுத்த இருட்டு அளவு எதையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, அடக்க முடியாமல், சிரித்துவிட்டார். "ஏம்மா, தெனமும் ஒரு மணி நேரமா! அப்படி யார்கூட பேசினே?"

"யார்கூடவும் பேசல சார்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, எடு. மறுபடி எடு," என்றார்.

போனை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துப் பார்த்தாள். மூன்று மணி ஆனதும் கால் தானாக வெளியே போயிற்று. கறுப்புக் கதவு திறந்தது, அன்றைய குழாய்கள் வீண். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். கடைசியில் ஒரு காலை என் கதவைத் தட்டினாள்.

"இத உங்ககிட்ட வெச்சிக்கறீங்களா அக்கா? உங்ககிட்ட வந்து திருப்பிக் கேக்க வெக்கமா இருக்கும். அதனால கேக்க மாட்டேன்."

"மூணு மணிக்கு நான் வேணா பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா. நீங்க பாத்தா, சாயங்காலம் உங்க மொகத்தப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிடும். மூணு மணிலேருந்து அதையே நெனச்சிட்டிருப்பேன்."

அன்றிலிருந்து காலையில் ஒரு தட்டல், மாலையில் ஒரு தட்டல். மாலையில் வந்தால் டீ குடித்துவிட்டுப் போவாள். இரண்டாவது கோப்பையை நான் மேல்தட்டுக்குத் திருப்பி ஏற்றவில்லை.

நேற்று வந்தபோது உட்காரக்கூட இல்லை. ஒரு படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாத்தீங்களா அக்கா? எட்டும் கீழயே நிக்குது. மேல பாருங்க, ஒண்ணுமே இல்ல. இருட்டுல அது ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா உக்காந்திருக்கு." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். கறுப்புப் பலகையில் எட்டுச் சின்ன வெள்ளைக் கோடுகள். எனக்கு ஜெல்லும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்கும் கண் கலங்கியது.

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

அ. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிறது. ஆள் வருகிறான். கதவைத் திறந்தால் தம்பி. (நாங்கள் இருக்கும் கட்டடம் இரண்டே மாடி. லிஃப்ட்டே கிடையாது. இந்த ஒரு முடிவுக்காக ஒரு லிஃப்ட் கட்ட என்னால் ஆகாது.)

ஆ. அவள் பட்டம் வாங்குகிறாள். அவளுடைய ஆரஞ்சு நிறப் பொருள் ஊர் உலகமெல்லாம் பேசப்படுகிறது. தம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுகிறாள். (இது பச்சைப் பொய். எட்டுக் கோடுகளைக் காட்டிவிட்டு, போனைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.)

இ. "ஒரு நாள் மூன்று மணி ஆகியும் தம்பி குழியிலிருந்து"

இதை எழுத முடியவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பயம் சிரிப்புக்கு இடம்தான். சிரித்துக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவில்லை, குழாய் பிழைத்தது, அவ்வளவுதான், என்று ஒரு பத்தி எழுதி இதை மூட்டை கட்டிவிடுவதாக இருந்தேன். இன்று மதியம் அந்தப் பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

9

அவள் போன் என் மேசையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றரை மணி இருக்கும். ஒரு தடவை உறுமியது. நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். திரை பூட்டியிருந்தது. பூட்டிய திரையின் மேலேயே, தம்பி என்ற பெயரும், வந்த செய்தியின் தொடக்கமும் தெரிந்தன:

"அக்கா, கொஞ்ச நாளா மூணு மணிக்கு நீ ஆன்லைன்ல வரவே இல்ல. நான் டெய்லி பாப்பேன். உனக்கு..."

அவ்வளவுதான் தெரிந்தது. மீதி பூட்டுக்கு உள்ளே இருக்கிறது.

போனை மேசையில் திரும்ப வைத்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், அவன் பக்கத்தில் அவள் பேருக்குக் கீழேயும் அதே சின்னச் சொல் எரிந்திருக்கிறது. தான் மட்டும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி மகள். அவனும் சாப்பிட்ட கையோடு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அவனுக்கு அங்கே இருட்டு. (உறவையும் உலோகத்தையும் ஒப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.)

"உனக்கு" என்பதற்கு அப்புறம் என்ன இருக்கும்? மதியத்திலிருந்து எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

உனக்கு ஒடம்பு சரியில்லையா?

உனக்கு எங்க ஞாபகம்லாம் அவ்வளவுதானா?

உனக்கு நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது

உனக்கு இனிமே நான்

இதில் எது என்று எனக்குத் தெரியாது. உங்களைவிட ஓர் எழுத்துக்கூட எனக்கு அதிகம் தெரியாது. அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொள்கிறது. சொல்லியிருந்தால், நாளையிலிருந்து அவர்கள் சாயங்காலத்தில் பேசிக்கொள்வார்கள். மூன்று மணிக்கு அவள் எதையும் பார்க்க வேண்டியிருக்காது. போனைக் கொடுத்து வைக்க ஓர் ஆளும் வேண்டியிருக்காது. அதையும் நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்துவிட்டு, எனக்கே வெட்கமாகி, எழுந்து போய் டீக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

படியில் காலடி கேட்கிறது. அவள்தான். இரண்டு இரண்டு படியாக ஏறுகிறாள், அப்படியென்றால் இன்றைக்கும் குழாய்கள் பிழைத்திருக்கின்றன. போனை இரண்டு கோப்பைகளுக்கு நடுவில், இந்த முறை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இனி நான் எழுதப் போவதில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிற முகம் என்னுடையது. கதவை நீங்களே போய்த் திறங்கள். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். ஓரத்தில் அவள் பென்சிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

[                                        ]